காந்தக் குச்சியில் கட்டும் கனசதுரம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

பிழைதிருத்தி:

வேலை முடிந்து வந்தபின் மனத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. காந்தக் குச்சிகளும் எஃகுக் குண்டுகளும் கொண்ட கட்டுமான விளையாட்டுப் பெட்டி. குச்சியின் இரு முனைகளிலும் காந்தம், மேலே பிளாஸ்டிக் உறை. குண்டு வெறும் எஃகு. வாங்கும்போது கடைக்காரர், "பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டார். "46" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் அச்சுக்குப் போகும் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துபவள். பகலெல்லாம் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு வந்தால், இரவில் புத்தகத்தைத் தொடவே மனம் வருவதில்லை. தொட்டாலும் அச்சுப்பிழைதான் முதலில் கண்ணில் படுகிறது. இதில் எழுத்தும் இல்லை, திரையும் இல்லை. குச்சியைக் குண்டின் பக்கத்தில் கொண்டுபோனால், கடைசி ஒரு நூல் தூரத்தில் அது என்னைக் கேட்காமல் தானே பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது. விரல் நுனியில் அந்த இழுப்பு தெரிகிறது, அதற்கு அடுத்த நொடியில் 'டக்'. இந்த ஒரு ஓசைக்காகவே எதையாவது கட்டிக்கொண்டிருக்கலாம்.

சிக்கல் இனிமேல்தான். முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்தால் எதைச் செய்தாலும் நிற்கிறது. சதுரம் வந்ததும் ஆட்டம் காண்கிறது. கனசதுரம் செய்து கையை எடுத்தால், ஏதோ ஒரு பக்கம் பார்த்துச் சாவகாசமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. ஐங்கோணங்களைக் கோத்துப் பந்து மாதிரி ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். பாதி உயரம் வருவதற்குள் சரிந்து, குச்சிகள் எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுகின்றன. அந்தக் கட்டியைப் பிரிக்கும் நேரத்தில், தேடிவந்த நிம்மதி வந்த வழியே போய்விடுகிறது.

என் கை சரியில்லையா, பெட்டி சரியில்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். படப்புத்தகத்தைப் பார்த்துச் செய் என்று மட்டும் சொல்ல வேண்டாம்; படிக்கிற வேலையிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வந்தேன். அடுத்து இதே குச்சிகளை இன்னும் வாங்குவதா, வண்ண ஓடுகளுக்குப் போவதா, கடுகு உருண்டை மாதிரி விற்கிறார்களே அந்தச் சின்ன காந்தமணிகளுக்குப் போவதா என்பதையும் சொன்னால் நல்லது.

சுருள்வில்:

உங்கள் கையும் சரி, பெட்டியும் சரி. கனசதுரம் அப்படித்தான் படுக்கும்.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். காந்தம் எங்கள் தொழிலுக்குப் பகையாளி. காந்தம் ஏறிய கடிகாரத்தின் உள்ளே, மயிரிழை மாதிரி இருக்கும் சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில் குட்டையானது போலாகிக் கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கும். ஆகவே என் காந்தப் பெட்டிக்கு வேலை மேசை இருக்கும் அறையில் அனுமதி இல்லை. பகலில் விரட்டியடிப்பதை இரவில் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

குண்டில் ஒட்டிய குச்சியை அதன் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். எளிதில் வராது. அதே குச்சியைப் பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளுங்கள். குண்டின் மேல் வழுக்கிக்கொண்டு எந்தக் கோணத்துக்கும் போகும். இந்த இணைப்பு நீளத்தைக் காக்கும், கோணத்தைக் காக்காது. முக்கோணத்துக்கு அது போதும். மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் கோணங்களும் முடிவாகிவிட்டன. சதுரத்துக்குப் போதாது. நான்கு பக்கங்களும் அதே நீளத்தில் இருக்க, அது பாட்டுக்குச் சாய்சதுரமாகிவிடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. மின்காந்தவியலில் பெயர்பெற்ற அதே மாக்ஸ்வெல் 1864இல் சட்டகங்களைப் பற்றி எழுதியபோது சொன்னது. குண்டுகளின் எண்ணிக்கையை 3ஆல் பெருக்கி 6ஐக் கழியுங்கள். கூடு விறைப்பாக நிற்கப் பொதுவாகக் குறைந்தது அத்தனை குச்சிகள் வேண்டும். நான்முகிக்கு (நான்கு முக்கோணங்கள் மூடிய கூடு) 4 குண்டுகள், 6 குச்சிகள் வேண்டும், 6 இருக்கின்றன. எண்முகிக்கு (எட்டு முக்கோணங்கள்) 6 குண்டுகள், 12 குச்சிகள், சரியாக இருக்கிறது. இருபதுமுகிக்கு (இருபது முக்கோணங்கள்) 12 குண்டுகள், 30 குச்சிகள், அதுவும் சரி. உங்கள் கனசதுரத்துக்கு வாருங்கள்: 8 குண்டுகளுக்கு 18 குச்சிகள் வேண்டும், இருப்பதோ 12. ஆறு பற்றாக்குறை. முகத்துக்கு ஒன்றாக மூலைவிட்டம் போடலாம் என்றால், விட்டத்தின் நீளம் பக்கத்தைப்போல் சுமார் 1.4 மடங்கு, நம்மிடம் இருப்பது ஒரே அளவுக் குச்சி. எட்டாது. (சில பெட்டிகளில் சதுரத்துக்குள் பொருந்தும் பிளாஸ்டிக் தகடு தருகிறார்கள். வேலை முடியும், அழகு போகும் என்பது என் கருத்து.)

இதற்குச் சுற்றுவழி இருக்கிறது. ஒவ்வொரு சதுர முகத்தின் மேலும் ஒரு குண்டை வைத்து, நான்கு மூலைகளிலிருந்தும் அதற்குக் குச்சி கொடுங்கள். முகத்துக்கு முகம் ஒரு குட்டிப் பிரமிடு. ஆறு முகங்களுக்கும் முடித்தால் மொத்தம் 14 குண்டுகள், 36 குச்சிகள். 14ஐ 3ஆல் பெருக்கி 6ஐக் கழித்தால் 36. ஒரு குச்சி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆறாவது பிரமிடின் கடைசிக் குச்சி ஒட்டும்வரை உள்ளே இருக்கும் கனசதுரம் அசைந்துகொண்டுதான் இருக்கும். அது ஒட்டிய அடுத்த கணம் முழுக் கூடும் கல்லாகிவிடும். அந்த மாற்றத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள்.

ஐங்கோணப் பந்தின் கதையும் இதுவே. பன்னிரண்டுமுகிக்கு 20 குண்டுகள், 30 குச்சிகள். நிற்பதற்கு 54 வேண்டும். அது சரிந்ததில் வியப்பு என்ன இருக்கிறது? அங்கேயும் ஒவ்வொரு ஐங்கோணத்தின் மேலும் ஒரு குண்டு, ஐந்து குச்சிகள். மொத்தம் 32 குண்டுகள், 90 குச்சிகள். கணக்கு மறுபடியும் துல்லியமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆறு குச்சிகள் வந்து சேரும் குண்டுகளைச் சுற்றி மேற்பரப்பு ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால், அங்கே அழுத்தினால் உள்வாங்கும். கீழிருந்து இரண்டு கைகளாலும் ஏந்துங்கள், மேலிருந்து பிடிக்காதீர்கள்.

இனி, பெட்டிக்குள் வரும் தாளில் நான் பார்த்தவரை இல்லாத ஒன்று: துருவம். குண்டு வெறும் எஃகு என்பதால் குச்சியின் எந்த முனையும் அதில் ஒட்டும். அதனால் துருவத்துக்கு இங்கே வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்டு. ஒரே குண்டில் வடதுருவங்களாகவே வந்து சேர்ந்தால் அவை ஒன்றை ஒன்று தள்ளும், பிடி தளரும். வடக்கும் தெற்கும் சரிபாதியாகச் சேர்ந்தால் ஒரு குச்சியின் காந்தப்பாய்வு குண்டு வழியே அடுத்த குச்சிக்குள் போய்விடும், பிடி இறுகும். ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு குச்சிகளின் ஒரே துருவ முனைகளில் மட்டும் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், ஆனால் அதுவே சுகமான வேலை. பிறகு எண்முகியை இப்படிக் கட்டுங்கள். அதற்குள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மூன்று சதுர வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வளையத்திலும் புள்ளிகள் ஒரே திசையில் சுற்றிவரட்டும். ஒவ்வொரு குண்டும் இரண்டு வளையங்களில் இருப்பதால், அதில் புள்ளி முனை இரண்டும் மற்ற முனை இரண்டும் தாமாகவே வந்து அமையும். இப்படிக் கட்டியதையும், கண்ணை மூடிக்கொண்டு கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குச்சியைப் பிடுங்கிப் பாருங்கள். வேறுபாடு கையில் தெரியும். நான்முகியிலும் இருபதுமுகியிலும் குண்டுக்கு மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை என்பதால் சரிபாதி ஆகாது; முடிந்தவரை ஒட்டிப் போக வேண்டியதுதான்.

கட்டியான குச்சிகளை நேராக இழுத்துப் பிரிக்காதீர்கள். பக்கவாட்டில் வழுக்கிவிடுங்கள், சத்தமில்லாமல் வரும். இவ்வளவு சின்னக் காந்தத்துக்கு இவ்வளவு இழுப்பு எங்கிருந்து வந்தது என்றால், நியோடிமியம், இரும்பு, போரான் கலவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே எட்டியது. இந்தக் குச்சி விளையாட்டு 1998இல் இத்தாலியரான கிளாடியோ விசென்டெல்லி உருவாக்கியது. இப்படி ஒன்றை வலுக் குறைந்த ஃபெரைட் காந்தத்தில் செய்திருந்தால் குச்சி விரல் தடிமன் இருந்திருக்கும்.

அடுத்து எதை வாங்குவது என்றால், என்னைக் கேட்டால் இதே குச்சிகள்தான். இன்னும் நிறைய.

ஓட்டுவீடு:

சுருள்வில் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குக் கணிதத் தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றுவலி திரும்ப வந்துவிட்டது. மூன்றால் பெருக்கி ஆறைக் கழிப்பதா ஓய்வு?

அம்மா, நீங்கள் தேடுவது நிம்மதி என்றால் ஓடுகளுக்கு வாருங்கள். ஒளி ஊடுருவும் வண்ணப் பிளாஸ்டிக் தகடு, விளிம்புகளுக்குள் காந்தம். சதுர ஓடு என்பது முழுத் தகடு; அது சாய்சதுரமாகவே முடியாது. ஐயாவின் பற்றாக்குறைக் கணக்கு இங்கே எடுபடாது. துருவக் கவலையும் கிடையாது. பல ஓடுகளில் காந்தம் அதன் குழிக்குள் தளர்வாக இருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் கிணுகிணுக்கும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உள்ளே அது புரண்டு, ஒட்டும் துருவத்தைக் காட்டிவிடும்.

எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு சதுர ஓட்டை மேசைமேல் வையுங்கள். நான்கு பக்கமும் நான்கு சமபக்க முக்கோண ஓடுகளை ஒட்டுங்கள். நட்சத்திரம் மாதிரி தட்டையாகக் கிடக்கும். இப்போது முக்கோணங்களின் நுனிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிச் சாயுங்கள். இரண்டு பக்கத்து முக்கோணங்கள் நெருங்கியதும் விளிம்புகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நான்காவதை நீங்கள் தூக்கவே வேண்டாம், லேசாகத் தொட்டால் அதுவே போய் மூடிக்கொள்ளும். தட்டையாகக் கிடந்தது கண்ணெதிரே வீடாகிவிடும். பிறகு கீழே ஒரு சின்ன விளக்கை வைத்து அறை விளக்கை அணையுங்கள். மஞ்சளும் நீலமும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதையும் கட்டி முடித்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஓடுகளில் இருப்பது ஃபெரைட் காந்தம், இழுப்பு மென்மையானது. ஆகவே அந்த 'டக்' இதில் கொஞ்சம் பஞ்சு வைத்தது போல் இருக்கும். கூரையை அகலமாகப் போட்டால் நடுவில் தொய்ந்து விழும், உள்ளே ஒரு தாங்கு சுவர் வேண்டும். விழுந்தாலும் கட்டியாகாது, தாள் அடுக்குவதுபோல் அடுக்கிவிடலாம்.

இரவுப்பணி:

கட்டடக் கலையில் எனக்கு ஆர்வம் இல்லை. குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன், காந்தமணி என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்.

5 மில்லிமீட்டர் அளவில் 216 மணிகள் கொண்ட கனசதுரமாக விற்கப்படுபவை நியோடிமியக் காந்தங்கள். கையில் உருட்ட இதமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை அதில் இரண்டை விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், அவை குடலின் இரண்டு வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று இழுக்கும். நடுவில் மாட்டும் குடல் சுவருக்கு இரத்தம் போகாமல் ஓட்டை விழும். முதலில் தெரிவது வெறும் வயிற்றுவலியும் வாந்தியும்தான், அதனால் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தைக் கடத்திவிடுவார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய், "காந்தம்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2022இல் கொண்டுவந்த விதி, பொழுதுபோக்குக்காக விற்கும் இத்தகைய சிறிய தனிக் காந்தங்களின் வலிமைக்கு வரம்பு விதித்ததே இதனால்தான். பெரிய பிள்ளைகளும் விதிவிலக்கல்ல; மூக்குத்தி, நாக்கு வளையம் மாதிரி வைத்துப் பார்க்கப்போய் விழுங்கியவர்கள் உண்டு.

குச்சியின் முனைத் தொப்பி கழன்றால் உள்ளே இருப்பதும் அதே ரகக் காந்தம்தான். வீட்டில் சிறு குழந்தை வந்துபோகும் என்றால் விளையாட்டு முடிந்ததும் எண்ணிப் பூட்டிவையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் காந்தங்களை உடலிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். சுருள்வில் அவர்கள் மடியில் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். சட்டைப் பையில் வைக்காதவரை சரி.

பிழைதிருத்தி:

அனைவருக்கும் நன்றி. காந்தமணிகளை மறந்துவிட்டேன். வீட்டுக்குத் தங்கையின் மகள் வருவாள், கையில் கிடைப்பதெல்லாம் அவளுக்கு வாய்க்குள் போகும். குச்சிப் பெட்டிக்கும் ஒரு பூட்டு வாங்கியாகிவிட்டது.

பிரமிடு முளைத்த கனசதுரத்தைக் கட்டினேன். ஐந்து முகங்கள் முடிந்தபிறகும் அது என் கையில் நெளிந்துகொண்டிருந்தது. ஐயா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். ஆறாவது உச்சிக் குண்டுக்கு மூன்று குச்சிகள் போயின, அப்போதும் அசைவு இருந்தது. நான்காவது கொஞ்சம் எட்டவில்லை. கூட்டை மெல்ல நிமிர்த்திக் கொடுத்ததும் பாய்ந்து ஒட்டியது. அவ்வளவுதான், ஓர் அசைவும் இல்லை. மேசையில் வைத்து விரலால் தட்டினேன். அப்படியே நகர்ந்தது, நெளியவில்லை. அன்று வேறு எதையும் கட்டாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுவீடு சொல்வதில் எனக்கு உடன்பாடு பாதி. கணக்குப் போட்டால் ஓய்வு கெடும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு நேர்மாறாக இருக்கிறது: எது ஏன் விழுகிறது என்று தெரியாதபோதுதான் எரிச்சல் வந்தது; இப்போது விழுந்தால், ஆமாம் நீ விழத்தான் செய்வாய் என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுக்கிறேன். ஒருவேளை இது பிழை திருத்துபவளின் புத்தியாக இருக்கலாம், காரணம் எழுதாமல் ஒரு திருத்தத்தை ஏற்க எங்களால் முடியாது. ஆனால் அந்த நான்கு முக்கோணம் மூடிக்கொள்ளும் வித்தைக்காக ஒரு சின்ன ஓட்டுப் பெட்டியும் வாங்கப்போகிறேன். அறையை இருட்டாக்கிப் பார்க்க ஆசை.

இரண்டு கேள்விகள் பாக்கி. குண்டுகளில் சிலவற்றின் மேல் பழுப்பாக ஒரு படலம் தெரிகிறது, கழுவலாமா? ஒரு குச்சியின் முனை விண்டு, உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஒட்டிப் பயன்படுத்தலாமா?

சுருள்வில்:

பழுப்பு என்பது துரு, விரல் ஈரத்தால் வருவது. தண்ணீர் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டுத் தேய்த்து, பிறகு வேறு துணியால் எண்ணெய் முழுவதும் போகத் துடையுங்கள். எண்ணெய் மிஞ்சினால் குச்சி இன்னும் வழுக்கும்.

விண்ட குச்சியை ஒட்ட வேண்டாம். இந்தக் காந்தம் உலோகம் போலத் தெரிந்தாலும் பீங்கான் போல நொறுங்கும்; நிக்கல் பூச்சு போய்விட்டால் உள்ளே துருவேறி உதிரத் தொடங்கும், துண்டுகள் கூர்மையாகவும் இருக்கும். டேப்பால் சுற்றி, தங்கை மகள் கைக்கு எட்டாத குப்பையில் போட்டுவிடுங்கள்.

36 குச்சிகள் கட்டியாகிவிட்டதால் அடுத்ததைச் சொல்கிறேன். ஓர் எண்முகியின் எட்டு முகங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முகங்களின் மேல் நான்முகிகளைக் கட்டுங்கள். இரட்டைப் பங்கு உயரமுள்ள ஒரு பெரிய நான்முகி வந்து நிற்கும்: 10 குண்டுகள், 24 குச்சிகள். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டுவீடு அவர்களுக்கு வயிறு வலிக்கும். தொலைபேசிக்குப் பெயர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல், நான்முகிகளை இதே பாணியில் அடுக்கித்தான் பட்டம் விட்டார். அதை நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டே போனால் முடிவே கிடையாது, குச்சி தீரும்வரை கட்டலாம். பெட்டி போதாமல் போகும்போது சொல்லுங்கள்.